இரண்டு கோடு

லூசியானாவில், ஹோமா கால்வாய்ப் பாலம் தாண்டி,
பெலக்ரின் இரும்புக் கடையின் மூன்றாம் வரிசையில்
நாற்பது நிமிடமாய் நிற்கிறேன்.
கையுறையைக் கழற்றவில்லை. வேண்டுமென்றேதான்.
இதைப் போட்டுக்கொண்டு திருக முடியாத குமிழ்
எனக்கு எதற்கு?

முதல் ரேடியோ அழகி. கண்ணாடி முகம்,
தொட்டால் ஒளிரும்.
என் விரலில் எந்நேரமும் கிரீஸ்.
யார் நீ என்கிறது.

இரண்டாவதில் கைப்பிடி. சுற்றினால் மின்சாரம்.
ஒரு நிமிடம் சுற்றினேன், மூன்று நிமிடம் பேசியது,
பக்கத்து வீட்டுச் சண்டை
சுவர் வழியே கேட்பதுபோல.

மூன்றாவது மஞ்சள். மூலைக்கு மூலை ரப்பர்.
ஏணியிலிருந்து விழுந்தாலும் பாட்டு நிற்காதாம்.
"துளைக்கருவி பேட்டரியே இதற்கும் போதும், மிஸ் எல்மீர்,
எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி"
என்கிறான் ரெமி, வரம் கொடுப்பவன்போல.

தெரியும், தம்பி.
என்னிடம் ஒன்று இருந்தது.

பட்டறையில் அது நல்ல பிள்ளை.
பீப்பாய்த் தண்ணீரில் இறால் படகின் மோட்டார் உறுமும்போதும்
அதற்கு மேலே அக்கார்டியன் கேட்கும்.
குறை சொல்ல மாட்டேன்.

பிறகு அந்தப் புயல்.
அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், நான் சொல்வதில்லை.
நாலு மணிக்கு மின்சாரம் போனது.
ஒரு பேட்டரி சார்ஜரிலேயே வெறுமையாய்க் கிடந்தது.
இன்னொன்றில் இரண்டு கோடு.
சளி பிடித்த குரலில் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள்:
எந்த மதகு மூடியது, எந்தச் சாலையில் எத்தனை அடி.
இருமிவிட்டு மன்னிப்புக் கேட்பாள், திரும்ப வாசிப்பாள்.
இரண்டு கோட்டுக்கு விடியும்வரை வருவாள் என்று
கணக்குப் போட்டிருந்தேன்.

கதவைத் தட்டியது அல்சீட் வெர்டின்.
சமையலறை ஜன்னல் போய்விட்டது அவனுக்கு.
பலகை இருக்கிறது, திருகாணி இருக்கிறது,
சுத்தியலை ஓங்க ஒரு கையை எடுத்தால்
பலகையைக் காற்று கொண்டுபோகிறது.
அவன் கேட்கவில்லை.
மேஜைமேல் இருந்த ரேடியோவைப் பார்த்தான்,
பிறகு வேறெங்கோ பார்த்தான்.

"தெற்கு மதகில் தண்ணீர் கரையைத் தா—"
பிடுங்கிவிட்டேன்.
வினைச்சொல் பாதியில் நின்றது.

பதினாறு திருகாணி.
பதினான்காவதில் கருவி முனகி அடங்கியது.
மிச்சம் இரண்டும் கையால்.
அல்சீட் தோளைக் கொடுத்து நின்றான்,
மழை என் காதுக்குள் நுழைந்து
கழுத்து வழியாக வெளியேறியது.

அப்புறம் ராத்திரி முழுக்க
தாண்டியதா, தாண்டவில்லையா.
மரக்கால்மேல் நிற்கும் வீடு எனது, பதினொரு படி.
அல்சீட்டும் அவன் மனைவி யூலாலியும் நானும்
முறைவைத்து டார்ச் அடித்து எண்ணினோம்,
நனையாத படிகளை.
ஏழு. ஆறு. ஆறு.
யூலாலி ஐந்து என்றாள், இல்லை ஆறு என்றாள்,
கண்ணாடி எங்கே என்றாள்.
ஐந்துதான்.
விடிந்தபோதும் ஐந்து.
கரையைத் தாண்டவில்லை என்பது
மூன்றாம் நாள்தான் தெரிந்தது,
அதற்குள் அது எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ரெமியிடம் காட்சிக்கு வைத்த ரம்பத்தை ஓடவிடச் சொன்னேன்.
முதலாளியைப் பார்த்தான். ஓடவிட்டான்.
கீழ்த்தட்டில் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது,
தடித்த செல் நான்கு போடுவது, இரண்டே குமிழ்.
ரம்பத்துக்கு மேலே வானிலை கேட்டது.
டியூப்லைட் பக்கம் கொண்டுபோனால் கரகரத்தது,
அது போகட்டும், புயலில் டியூப்லைட் ஏது.
அணைத்தால் டக்கென்கிறது,
இருட்டில் கைக்குத் தெரியும்.

"இதற்கு உங்கள் துளைக்கருவி பேட்டரி பொருந்தாதே."
"பொருந்தாது" என்றேன். "பில் போடு.
செல் பன்னிரண்டு.
அந்தக் கருவிக்கு இன்னொரு பேட்டரியும் தனியாக."

வண்டியில் ஏறி, பக்கத்து இருக்கையில் வைத்து
குமிழைத் திருப்பினேன்.
எங்கோ பேஸ்பால்.
யாரோ அடித்த பந்து உயரே, இன்னும் உயரே, வேலியை நோக்கி
என்று ஒருவன் இழுத்துக்கொண்டிருந்தான்.
அவன் சொல்லி முடிக்கும்வரை
சாவியைத் திருகவில்லை நான்.